பிரேக் பெடல் சத்தமும் கோளாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேக் விஷயத்தில் காதைவிடக் காலை நம்புங்கள். சத்தம் வந்தாலும் பெடல் வழக்கமான உயரத்திலேயே நிற்கிறது என்றால் பெரும்பாலும் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். சத்தமே இல்லாமல் பெடல் முன்பைவிட ஆழமாகப் போனாலோ, மிதிக்க முடியாதபடி இறுகினாலோ காரை அன்றே நிறுத்திவிட வேண்டும். இதற்கு விதிவிலக்கு ஒன்றே ஒன்று: இரும்போடு இரும்பு உரசும் கரகரப்பு. அதுவும் காத்திருக்காது. கீழே வரும் அளவுகள் சாதாரணக் கார்களுக்குப் பொதுவானவை. உங்கள் காரின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் பெடலிலிருந்து வருகிறதா, சக்கரத்திலிருந்து வருகிறதா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

காரைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை ‘பி’யில் வைத்து, கைப் பிரேக்கையும் போடுங்கள். ரேடியோவையும் ஏர்கானையும் அணைத்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் இதற்குத் தோதான இடம். வெயிலுக்குப் பயந்து அங்கே அதிகம் பேர் நிறுத்துவதில்லை, அமைதியாக இருக்கும்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை மெதுவாகச் சில தடவை மிதியுங்கள். இப்போதே கிறீச்சிட்டால் கோளாறு பெடல் தொங்கும் இடத்தில்தான்: அச்சு, அதன் புஷ் (அச்சைச் சுற்றியிருக்கும் உறை), ஸ்பிரிங், பூஸ்டருக்கு (வெற்றிடத்தின் உதவியால் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பகுதி) போகும் தண்டு மாட்டியிருக்கும் பின். அப்போது சத்தமில்லாமல், எஞ்சின் ஓடும்போது மட்டும் சீறல் கேட்டால் பூஸ்டரையும் அதன் குழாயையும் பார்க்க வேண்டும். நிற்கும்போது எதுவும் கேட்காமல் சக்கரம் உருளும்போது மட்டும் கேட்டால் பேட், டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), கேலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பிடி), டிரம் பக்கம் போக வேண்டும்.

ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வொர்க்‌ஷாப்புக்குப் போய் “பிரேக்கில் சத்தம்” என்று மட்டும் சொன்னால், பெடல் புஷ்ஷில் இருக்கும் சத்தத்துக்குப் புது பேட், புது டிஸ்க் என்று பணம் கட்டிவிட்டு அதே சத்தத்தோடு திரும்பி வர நேரலாம்.

பெடலை மிதித்தாலும் விட்டாலும் கிறீச் என்கிறது. ஓட்டலாமா?

ஓட்டலாம். அச்சில் இருக்கும் கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும். டேஷ்போர்டின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பெடல் கம்பியின் மேல்முனையில் ஒரு போல்ட் தெரியும். அதுதான் அச்சு. அதற்குச் சற்றுக் கீழே பூஸ்டர் தண்டு ஒரு பின்னைக் கொண்டு கோக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டு இடத்திலும் வெள்ளை லித்தியம் கிரீஸ் அல்லது சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். ஸ்பிரே டப்பாவாக இருந்தால் நீளக் குழாய் மாட்டி, கீழே பழைய துணி விரித்துவிட்டு அடியுங்கள். பெடலின் ரப்பரிலோ தரைவிரிப்பிலோ பட்டால் கால் வழுக்கும். பக்கத்திலிருக்கும் பிரேக் விளக்கு சுவிட்சிலும் படக் கூடாது. துரு நீக்க அடிக்கும் மெல்லிய எண்ணெய் வேண்டாம்; சில நாளில் ஆவியாகி, தூசி பிடித்து, சத்தம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

பெடலைப் பக்கவாட்டில் கையால் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கிரீஸ் போதாது, புஷ் மாற்ற வேண்டும்.

சிங்கப்பூரில் ஓடும் சில ஐரோப்பியக் கார்களில் இன்னொரு இடமும் உண்டு. இடப்பக்க ஸ்டியரிங்குக்காக வடிவமைத்த கார் என்பதால் பூஸ்டரும், பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் இடப்பக்கமே இருக்கும். வலப்பக்கப் பெடலின் அசைவை ஒரு குறுக்குத் தண்டு அங்கே கொண்டுபோகும். அந்தத் தண்டின் இரு முனைப் புஷ்களும் காய்ந்தால் சத்தம் பக்கத்து இருக்கையின் கால் பக்கத்திலிருந்து வருவதுபோல் தோன்றும்.

மிதிக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். அது என்ன?

‘பி’யில் நிற்கும்போது மட்டும், கியர் தண்டுப் பக்கத்திலிருந்து கேட்டால் அது கியர் பூட்டைத் திறக்கும் சாலனாய்ட் (சிறு மின்காந்தம்). இயல்பானது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து கிளம்பி, மணிக்கு 10 முதல் 20 கி.மீ. வேகத்தைத் தொடும்போது ஒரே ஒரு முறை ‘டக்’ அல்லது ‘விர்ர்’ என்று கேட்டு, பெடலில் லேசாக உதைத்தால் அது ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. அதுவும் இயல்புதான்.

ரிவர்ஸில் வெளியே வந்து, முன்னால் போய் முதல் பிரேக் போடும்போது மட்டும் ‘டொக்’ என்றால் பேட் தன் இருப்பிடத்தில் முன்னும் பின்னும் நகர்கிறது. பேட் மாற்றியவர் பக்கவாட்டு கிளிப்புகளை மாட்டாமல் விட்டிருக்கலாம், அல்லது பழைய கிளிப் தளர்ந்திருக்கலாம். ஒவ்வொரு பிரேக்கிலும் ‘டொக்’ என்று கேட்டால் கேலிப்பர் போல்ட்டையும் முன்சக்கர லோயர் ஆர்ம் புஷ்ஷையும் அந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

கால் வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் துண்டுகள் கிடக்கின்றன. பிரேக் விளக்கும் அணைய மறுக்கிறது.

பெடல் கம்பியில் சிறு பொத்தான் அளவுக்கு ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் அடைப்பான் இருக்கும். பெடல் மேலே வந்ததும் அது பிரேக் விளக்கு சுவிட்சின் முனையை அழுத்திப் பிடிக்கும். பல ஆண்டு வெப்பத்தில் அது நொறுங்கி விழுந்துவிடும். பிறகு சுவிட்சின் முனை அந்தத் துளை வழியே நீட்டிக்கொள்ளும். நீங்கள் எப்போதும் பிரேக்கை மிதித்தபடியே இருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும், க்ரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யாது. பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போது பிரேக் போடுகிறீர்கள் என்பதே தெரியாது. ஆபத்து அதில்தான்.

சில வெள்ளிக்குள் முடியும் சாமான் அந்த அடைப்பான். சுவிட்ச் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் அந்தத் துளையைக் காட்டச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஓடும்போது மிதித்தால் ‘ஸ்ஸ்’ என்கிறது. பெடலும் கல் மாதிரி இருக்கிறது.

மிதிக்கும் நொடியில் மெல்லிய மூச்சுச் சத்தம் இயல்பு. பூஸ்டருக்குள் காற்று புகும் சத்தம் அது. மிதித்துப் பிடித்திருக்கும்வரை சீறல் தொடர்ந்தால், அல்லது பெடலைத் தொடாதபோதே சீறினால், பூஸ்டரின் உள் ரப்பர் திரை கிழிந்திருக்கலாம். வெற்றிடக் குழாய் வெடித்திருக்கலாம். இதை உறுதிசெய்ய மூன்று சோதனைகள் உள்ளன. கருவி எதுவும் வேண்டாம்.

முதலாவது: எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரின் உதவி கிடைக்கவில்லை.

இரண்டாவது: எஞ்சினை ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். மெதுவாக மூன்று முறை மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகவும் அடுத்தடுத்த மிதிகள் உயரத்திலும் நின்றால் பூஸ்டர் வெற்றிடத்தைப் பிடித்து வைக்கிறது. முதல் மிதியே இறுக்கமாக இருந்தால் கசிவு, அல்லது ஒருவழி வால்வு போய்விட்டது.

மூன்றாவது: எஞ்சின் ஓடும்போது மிதித்துப் பிடித்து, அப்படியே எஞ்சினை அணைத்து 30 வினாடி பிடித்திருங்கள். பெடல் உயரம் மாறக் கூடாது. காலை மேலே தள்ளிக்கொண்டு வந்தால் பூஸ்டர் கசிகிறது.

டர்போ எஞ்சின்கள் பலவற்றில் வெற்றிடத்தை உண்டாக்க எஞ்சினிலேயே தனிப் பம்ப் இருக்கும். அந்தப் பம்ப் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான் வரும். எனவே பூஸ்டரை மாற்றுவதற்கு முன் குழாயில் வெற்றிடம் எவ்வளவு வருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பூஸ்டர் செத்தாலும் பிரேக் பிடிக்கும், ஆனால் பல மடங்கு பலம் வேண்டும். இரண்டு காலாலும் மிதிக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் விரைவுச்சாலையில் ஓட்டாதீர்கள்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. சத்தம் எதுவும் இல்லை.

இந்தப் பக்கத்திலேயே மிக அவசரமான கேள்வி இதுதான். போனெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் எங்கோ வெளியே கசிகிறது: நான்கு சக்கரத்தின் உட்பக்கமும், பின் டிரம்மின் அடிப்பக்கமும், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடமும் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவு குறையாமலே பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் தேய்ந்து, ஆயில் முன்னறையிலிருந்து பின்னறைக்கு நழுவுகிறது. அழுத்தி மிதித்தால் பெடல் நிற்கும், மெதுவாக மிதித்தால் இறங்கும். அதனாலேயே சோதித்துப் பார்ப்பவர் வேகமாக ஒரு மிதி மிதித்துவிட்டு “நன்றாகத்தானே இருக்கிறது” என்று சொல்லிவிடுவார். எஞ்சின் ஓடும்போது, முட்டையை மிதிப்பதுபோல் மென்மையாக அழுத்தி, ஒரு நிமிடம் பிடித்துக் காட்டுங்கள்.

அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். டோ டிரக் வரட்டும்.

மிதித்தால் பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால் சரியாகிறது.

குழாயில் காற்று இருக்கிறது. அண்மையில் யாராவது பிரேக் வேலை செய்திருந்தால் காற்றைச் சரியாக வெளியேற்றவில்லை. அப்படி எந்த வேலையும் நடக்கவில்லை என்றால், காற்று புகுந்த வழியைக் கண்டுபிடிக்காமல் காற்றை மட்டும் எடுப்பதில் பயனில்லை. பின்சக்கரம் டிரம் வகையாக இருந்து, பெடல் பஞ்சாக இல்லாமல் வெறும் ஆழமாக மட்டும் போனால், பின் பிரேக் ஷூவின் தானியங்கி அட்ஜஸ்டர் சிக்கியிருக்கலாம். அதைச் சரிசெய்தாலே பெடல் மேலே வந்துவிடும்.

காற்று எடுக்கும் வேலையில் ஒரு எச்சரிக்கை. பத்து வயது தொட்ட காரில் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. அன்றாட ஓட்டத்தில் சீல் போகாத அடிப்பகுதியில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழியும். நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் மறுவாரமே பழுதாகும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு வேலை செய்பவர் விஷயம் தெரிந்தவர்.

பிரேக் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்? பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. தண்ணீர் சேரச் சேர ஆயிலின் கொதிநிலை இறங்கும். தர அளவின்படி புதிய டாட் 4 (DOT 4) வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரி. டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு இறங்கிவிடும்.

சிங்கப்பூருக்குள் ஓட்டும்வரை இது வெளியே தெரியாது. தீவின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். மலேசியாவின் சுமார் 1,800 மீட்டர் உயரக் கெந்திங் மலையிலிருந்து குடும்பமும் மூட்டையுமாக, பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போதுதான் தெரியும். கேலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகிவிடும். ஆவி அமுங்கும் என்பதால் பெடல் சட்டென்று தரைக்குப் போகும். அரை மணி நேரம் ஆறவிட்டால் பெடல் பழையபடி வந்துவிடும். ஊர் திரும்பி மெக்கானிக்கிடம் காட்டினால் எந்தக் கோளாறும் தெரியாது. பயணத்துக்கு முன் ஆயிலில் எத்தனை விழுக்காடு தண்ணீர் இருக்கிறது என்று சோதிக்கச் சொல்லுங்கள். 3 விழுக்காட்டைத் தொட்டால் மாற்றிவிடுங்கள். சாதாரணக் காருக்கு ஒரு லிட்டர் போதும். இறங்கும்போது கியரை ‘எல்’ அல்லது ‘2’இல் வையுங்கள், பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள்.

டாட் 3, 4, 5.1 ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கான். அதை இவற்றோடு கலக்கவே கூடாது. ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்ட் உரிந்துவிடும்.

டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறது. கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாமா?

பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். மெதுவாகக் குறைவது பேட் தேய்ந்ததன் அடையாளம். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் அந்த அடையாளம் மறைந்துபோகும். புது பேட் போடும்போது ஆயில் பொங்கி வழியும். முதலில் பேட் கனத்தைப் பாருங்கள். ஒரே வாரத்தில் குறைந்திருந்தால் அது கசிவு.

காலையில் முதல் சில பிரேக்குகளில் மட்டும் உரசல் சத்தம். பிறகு இல்லை.

இரவு மழையில் டிஸ்க் மேல் மெல்லிய துரு படிந்திருக்கும். இரண்டு மூன்று பிரேக்கில் பேட் அதைச் சுரண்டிவிடும். டிசம்பர், ஜனவரி பருவமழையில் இது தினசரி நிகழ்ச்சி. செலவு செய்ய எதுவும் இல்லை. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பல வாரம் நின்ற கார் நகரும்போது ‘டக்’ என்று விடுபடுவதும் இதனால்தான். ஆனால் அந்த உரசல் அரை மணி ஓட்டத்துக்குப் பிறகும் நீடித்தால் பேட்டைப் பார்க்க வேண்டும்.

கீச்சென்ற சத்தம், கரகரப்பு: எது எந்த அளவுக்கு அவசரம்?

பேட்டில் ஒரு சிறு இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். உராயும் பகுதி 2 முதல் 3 மி.மீ. ஆனதும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். புது பேட் பொதுவாக 10 மி.மீ. அல்லது சற்றுக் கூடுதல். அந்த வாரமே மாற்றினால் டிஸ்க் பிழைக்கும். கரகரப்பாக மாறிவிட்டால் பேட்டின் பின்தகடே டிஸ்க்கைக் கீறுகிறது. டிஸ்க்கும் செலவில் சேர்ந்துவிடும், பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும்.

சக்கரத்தின் இடுக்கில் எட்டிப் பார்த்தால் வெளிப் பேட் மட்டுமே தெரியும். கேலிப்பரின் சறுக்குப் பின் இறுகிய காரில் உள் பேட் முதலில் தேய்ந்து முடிந்துவிடும். வெளியே 6 மி.மீ. இருக்கிறது என்று நிம்மதியாக ஓட்டும் காரின் உள்ளே இரும்பு உரசிக்கொண்டிருக்கலாம். அந்தச் சறுக்குப் பின்னுக்குச் சிலிக்கான் வகை பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் ரப்பர் உறையை உப்பவைத்து மறுபடி இறுக்கிவிடும்.

புது பேட் போட்ட பிறகுதான் கீச்சிடவே ஆரம்பித்தது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். பேட்டின் முதுகில் வரும் தகட்டை மாட்டாமல் விட்டிருப்பார்கள், கிளிப்பை மாற்றியிருக்க மாட்டார்கள், அல்லது பேட் டிஸ்க்கோடு பழகியிருக்காது. சாலை காலியாக இருக்கும் ஞாயிறு காலையில், பின்னால் யாரும் இல்லாதபோது 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை சீராகக் குறையுங்கள்; முழுதாக நிறுத்த வேண்டாம். இப்படி எட்டு முதல் பத்து முறை, நடுநடுவே கொஞ்சம் ஆறவிட்டு. அதன்பிறகு பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். சூடான டிஸ்க்கில் பேட்டை அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் பேட்டின் பொருள் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெடல் அதிரும்.

மிதித்தால் பெடலும் ஸ்டியரிங்கும் அதிர்கின்றன.

வழுக்கும் சாலையில் அவசரமாக மிதித்தபோது மட்டும் படபடவென்று உதைத்தால் அது ஏபிஎஸ். காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு சாதாரண பிரேக்கிலும் அதிர்ந்தால் டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே அளவாக இல்லை. நூறில் சில பங்கு மில்லிமீட்டர் வித்தியாசமே காலுக்குத் தெரிந்துவிடும். டிஸ்க் ‘வளைந்துவிட்டது’ என்பார்கள். பல நேரம் வளைந்திருக்காது. டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே துரு இருக்கும், அல்லது டயர் கடையில் சக்கர நட்டுகளை ஏர் கன்னால் தாறுமாறாக இறுக்கியிருப்பார்கள். டொயோட்டா சிறிய கார்கள் பலவற்றுக்கு 103, ஹோண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்சால், எதிரெதிர் நட்டாக இறுக்கச் சொல்லுங்கள்.

ஸ்கிம்மிங் (டிஸ்க்கின் மேற்பரப்பைக் கடைந்து சமப்படுத்துவது) செய்வதாக இருந்தால், கடைந்த பிறகு எஞ்சும் கனம் டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவுக்கு மேலே இருக்க வேண்டும். அந்த எல்லையை ஒட்டி வந்துவிட்ட டிஸ்க்கைக் கடைவது வீண் செலவு.

ஜொகூர் கடற்பாலத்தில் ஊர்ந்து போகும்போது பிரேக்கை மெல்ல விட்டால் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது.

பேட் டிஸ்க்கைப் பிடித்துப் பிடித்து நழுவும் சத்தம் அது. ஆட்டோ கியரில் பெடலை அரைகுறையாகப் பிடித்து ஊர்ந்தால் வரும். ஆபத்து இல்லை. முன் காருக்குக் கொஞ்சம் இடம் விட்டு, முழுதாக விட்டு நகர்ந்து, முழுதாக மிதித்து நில்லுங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரை நிம்மதியாகப் போகலாம்.

ஹைபிரிட் காரின் கதவைத் திறந்ததும் பிரேக் பக்கம் ‘ஊ’ என்று ஒரு மோட்டார் ஓடுகிறது.

டொயோட்டா ஹைபிரிட்களில் பிரேக் அழுத்தத்தை மின் பம்ப் சேமித்து வைக்கிறது. கதவைத் திறக்கும்போதும் சில முறை மிதித்த பிறகும் சில வினாடி ஓடி நிற்பது இயல்பு. பெடலைத் தொடாமலே சில வினாடிக்கு ஒரு முறை ஓடினால் சேமித்த அழுத்தம் உள்ளே கசிகிறது. எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு முன்பே காட்டிவிடுங்கள். இந்தக் கார்களில் ஆயில் மாற்றவும் காற்று எடுக்கவும் ஸ்கேன் கருவி வேண்டும். அது இல்லாத கடையில் கொடுக்காதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால்?

வேகவேகமாக மிதித்து மிதித்து விடுங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். மின்சார வகையென்றால் சுவிட்சை இழுத்துப் பிடித்தபடியே இருங்கள். அவசர விளக்கைப் போட்டு இடப்பக்க ஓரத்துக்கு வாருங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம். விரைவுச்சாலையில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இமாஸ் (விரைவுச்சாலைக் கண்காணிப்பு அமைப்பு) மீட்பு வாகனம் அருகிலுள்ள கார் நிறுத்துமிடம்வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். தடுப்புக்கு அப்பால் நின்று காத்திருங்கள்.

வாகனச் சோதனையில் தேறிவிட்டது. பிரேக் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அன்றைக்கு நன்றாக இருந்தது. சொந்தக் காருக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து 2 ஆண்டுக்கு ஒரு முறையும், 10 ஆண்டு கடந்தபின் ஆண்டுக்கு ஒரு முறையும் சோதனை. உருளைமேல் ஏற்றி ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று அளப்பார்கள். பேட்டில் இன்னும் எத்தனை மி.மீ. இருக்கிறது, ஆயிலில் எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் அந்த அளவில் தெரியாது. அவற்றை 10,000 கி.மீ. சர்வீஸின்போது கேட்டு வாங்குங்கள்: நான்கு சக்கரத்துக்கும் உள் பேட், வெளிப் பேட் கனம் தனித்தனியாக, டிஸ்க் கனம், ஆயிலின் ஈர விழுக்காடு. பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னால் அடுத்த முறை ஒப்பிட வசதியாக இருக்கும்.